படத்தில் நிற்பது நான் இல்லை

நுவரெலியாவில் விசாரணைக் கந்தோர். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிற அதிகாரி மாத்தயா. இந்தப் பக்கம் நான். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு படம்.

மாத்தயா சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர் அதைத் தமிழில் மாற்றிச் சொன்னார்.

“இந்தப் படத்தில நீ எது?”

குளிர். என் மூச்சு பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் படர்ந்தது. சட்டைக் கையால் துடைத்தேன். படத்தில் பதினொரு பேர். முன்னால் ஐந்து பேர் நாற்காலியில். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். நடுவில் முக்காலிமேல் வெள்ளிக் கப்பு. கீழே அட்டையில் வெள்ளை மையில் எங்கள் தோட்டத்தின் பெயர், வருஷம், ஆட்களின் பெயர்கள்.

பின்வரிசையில் இடமிருந்து நான்காவது ஆளைக் காட்டினேன்.

அது நான் இல்லை. அந்தோணி.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் எழுதியதில், கப்பு அடித்த தோட்டத்தில் இருந்தவன் நான் என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டுக் கொழும்பிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். பழைய கப்பு, மெடல், படம் எல்லாம் தேடிச் சேர்க்கிறவராம். மெடல் இருக்கிறதா, படம் இருக்கிறதா, நீங்கள் எந்த இடத்தில் விளையாடினீர்கள் என்று மூன்று கேள்வி. ஒரு தபால் அட்டையில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இது அட்டையில் அடங்காது.

கப்பு வந்த கதை

எங்கள் தோட்டம் அட்டன் பக்கம். துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது. நாங்கள் மேட்டுத்தோட்டம் என்போம்.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய துரை இருந்தார். முதல் யுத்தத்தில் காலில் குண்டு பட்டவர். விந்தி விந்தித்தான் மலை ஏறுவார். ஓட முடியாத அந்த மனிதருக்குப் பந்தடி என்றால் உயிர். தேயிலை ஸ்டோருக்குக் கீழே சரிவை வெட்டி மட்டமாக்கி ஒரு களம் போட்டார். சுற்றுவட்டத்தில் எட்டுத் தோட்டத்தைச் சேர்த்தார். வருஷத்துக்கு ஒரு போட்டி. சீமையிலிருந்து வெள்ளிக் கப்பு வந்தது. இரண்டு பக்கமும் காது மாதிரிப் பிடி. அடியில் கறுப்புக் கட்டை. அந்தக் கட்டையைச் சுற்றி, வென்ற தோட்டத்தின் பெயரை வெட்டிய வெள்ளித் தகடுகள்.

ஒரு வருஷம் வேறொரு தோட்டம் ரயில்வேயில் வேலை செய்த ஆட்களைக் கூட்டி வந்து இறக்கிவிட்டது. அவர்கள் சப்பாத்துப் போட்டு விளையாடினார்கள். நாங்கள் வெறுங்கால். எங்கள் ஆட்கள் மூன்று பேருக்குக் கால் நகம் போனது. அதன் பிறகு துரை ஒரு சட்டம் போட்டார். செக்ரோல் என்கிற ஆள்பதிவில் பேர் இருக்கிறவன்தான் அந்தத் தோட்டத்துக்கு விளையாடலாம். பத்து நாளைக்கு முன்பே கிளாக்கர் பதினொரு பேரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்றக்கூடாது.

தோட்டத்தில் செக்ரோல்தான் எல்லாம். பேர் இருந்தால் வேலை, அரிசி, குடியிருக்க லயத்தில் ஒரு காம்பரா. பேரை வெட்டிவிட்டால் ஒன்றும் இல்லை. ஆள் கண்ணுக்கு முன்னால் நிற்பான். ஆனாலும் இல்லை.

அந்த வருஷம் பதினொரு பேரில் என் பேரும் இருந்தது. ஆ. காளிமுத்து. வலது பக்க ஓட்டக்காரன்.

என் கால்

கடைசி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் வேலை. தண்ணீர் ஓடுகிற கான் ஒன்றைத் தாண்டினேன். அடுத்த கரை ஈரம். கணுக்கால் மடங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவன் என்ன ஒடிந்தது என்று திரும்பிப் பார்த்தான்.

டிஸ்பென்சர் ஐயா மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். யாழ்ப்பாணத்து மனிதர். எதையும் புத்தகத்தில் எழுதாமல் விடமாட்டார். தலைவலிக்கு மருந்து கேட்டாலும் பேர், நாள், நேரம் எழுதுவார். என் காலையும் எழுதினார்.

பெரிய கங்காணிதான் அந்தோணியைப் போடலாம் என்றார்.

அந்தோணிக்கு அந்த வருஷம் எந்தத் தோட்டத்திலும் பேர் இல்லை. வேறொரு தோட்டத்தில் கங்காணியை எதிர்த்துப் பேசினான் என்று வெட்டிவிட்டார்கள். எங்கள் கீழ் லயத்தில் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தான். அவள் பங்கு அரிசியில் சாப்பிட்டான். எங்கள் கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். நாங்கள் விளையாடிப் பழகும்போது பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போனால் எடுத்து உதைப்பான். அந்த உதையைக் கங்காணி பார்த்து வைத்திருந்தார்.

என்னைக் கேட்டார்கள். சரி என்றேன். கால் கட்டில் கிடந்தவன் வேறென்ன சொல்வது. பேர்தானே என்று நினைத்தேன்.

எங்கள் சட்டை மாவு மூட்டைத் துணியில் தைத்தது. துணிக்குப் போடுகிற நீலத்தில் நனைத்துச் சாயம் ஏற்றியிருந்தார்கள். வலது பக்க ஓட்டக்காரனின் சட்டையை அந்தோணியிடம் கொடுத்தேன். அவனுக்கு அது கொஞ்சம் இறுக்கம்.

பனிக்குள் ஒரு கோல்

ஆட்டத்தை நான் கரைமேல் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் சரியில்லை.

முதல் பாதி நன்றாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. பிறகு பள்ளத்திலிருந்து பனி ஏறியது. முதலில் தூரத்துக் கம்பம் மறைந்தது. பிறகு ஆட்கள் மறைந்தார்கள். பிறகு களமே இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. வெறுங்கால்கள் சேற்றில் ஓடுகிற சத்தம். யாரோ “விடு விடு” என்றான். பந்து பலகையில் பட்ட மாதிரி ஒரு சத்தம். விசில் நீளமாக ஊதியது.

கோல். யார் அடித்தது என்று கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. துரை கைத்தடியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் போய் விசாரித்தார். உள்ளே இருந்த ஒருவன் “காளிமுத்து” என்று சொல்லியிருக்கிறான். துரை அதை எழுதிக்கொண்டார்.

அந்தோணி பனிக்குள்ளிருந்து வெளியே வந்தான். மழைத் தூறலில் சாயம் இறங்கி முகமும் கழுத்தும் நீலமாக இருந்தது. நீதான் அடித்தாயா என்று கேட்டேன்.

“தெரியலப்பா. கால்ல ஏதோ பட்டுச்சு. நான் உதைச்சேன். அது பந்தா, எவன் காலான்னு தெரியல.”

ஒன்றுக்குப் பூச்சியம். கப்பு எங்களுக்கு.

அடுத்த ஞாயிறு அட்டனிலிருந்து படக்காரர் வந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்தோணி மறுபடி என் சட்டையைப் போட்டு நின்றான். துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆளை மாற்ற முடியாது. நான் படக்காரருக்குப் பின்னால் கோலூன்றி நின்றேன். அதனால் படத்தில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

படத்தின் கீழ் என் பேர். மெடலின் பின்பக்கம் என் பேர். இரண்டும் என்னிடம் வந்தன. ஆளுக்கு ஒரு படம்தான். அந்தோணிக்கு ஒன்றும் வரவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் கங்காணி அவன் பேரைச் செக்ரோலில் போட்டார். அவனுக்குக் கிடைத்த மெடல் அதுதான் என்று எல்லோரும் சொன்னோம்.

சுவரில் பன்னிரண்டு வருஷம்

படத்தை என் காம்பராவில் மாட்டினேன். அடுப்புப் புகையில் ஓரம் பழுப்பேறியது. மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். பொன்னாயி, என் மனைவி, வருஷத்துக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய்த் துணியால் சட்டத்தைத் துடைப்பாள்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். வெளியே இருந்து வருகிற சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. இதில் நீங்கள் எது என்று கேட்பார்கள். முதலில் கதையை முழுக்கச் சொல்வேன். பிறகு சுருக்கிச் சொன்னேன். பிறகு ஒரு நாள் சும்மா நான்காவது ஆளைக் காட்டிவிட்டேன். வேலை மிச்சம். அதன் பிறகு அதுவே பழகிப்போனது. பொன்னாயி அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்ப்பாள்.

“ஒரு நாளைக்காவது அந்தப் பந்து ஒங்க காலுல பட்டுச்சா” என்று ஆட்கள் போனபின் கேட்பாள்.

மெடலைப் பற்றிக் கொழும்புக்காரர் கேட்டார். அது கொஞ்ச நாள் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் இருந்தது. பிள்ளைகள் கட்டிவிட்டார்கள். பிறகு வாங்கிப் பெட்டிக்குள் வைத்தோம். நாடா இல்லை. ஆடு தின்றுவிட்டது.

கப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சுதந்திரம் வந்தபின் பெரிய துரை சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரைக்குப் பந்தடியில் நாட்டம் இல்லை. போட்டி நின்றது. கப்பு கந்தோர் அலமாரியில் இருந்ததை நான் பார்த்தேன். பிறகு அதில் மைக்கூடும் முத்திரையும் வைத்திருந்தார்கள். பிறகு அலமாரியே இல்லை. பங்களாவில் பூ வைக்க எடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். புதுத் துரை மாற்றலாகிப் போகும்போது கூடவே கொண்டுபோய்விட்டார் என்று இன்னொருவர். இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் என்ன எழுதுவது.

பித்தளைப் பானைகளும் ஒரு படமும்

சுதந்திரம் வந்த கையோடு சட்டமும் வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு நாடு எது என்று அரசாங்கம் கேட்டது. நாங்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும். யுத்தத்துக்கு முன்பிருந்து இத்தனை வருஷம் விடாமல் இந்த நாட்டில் இருந்தேன் என்று காட்ட வேண்டும். நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனாலும் இந்தியாவுக்குப் போயிருந்தாய் என்று வைத்துக்கொள்வார்கள். வாய்ச்சாட்சி எடுபடவில்லை. எழுத்து வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் யுத்த காலத்துச் செக்ரோல் இரண்டு வருஷத்துக்கு இல்லை. கந்தோர்க் கூரை ஒழுகி மக்கிப்போனது. அந்த இரண்டு வருஷத்தைக் காட்ட என்ன செய்வது என்று தொழிற்சங்கத் தலைவரைக் கேட்டோம். பேரும் வருஷமும் போட்ட எதையாவது கொண்டு போங்கள் என்றார்.

அதனால் ஜனங்கள் எதை எதையோ தூக்கிக்கொண்டு போனார்கள். கல்யாணத்தில் வந்த பித்தளைப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி ரயில் ஏறினாள். பானையில் பேரும் வருஷமும் வெட்டியிருந்தது. ஒருவர் கோயில் மணியையே கேட்டுப் பார்த்தார். பூசாரி கொடுக்கவில்லை.

கப்பு அடித்தது அந்த இரண்டு வருஷத்தில் ஒன்று. நான் படத்தைக் கழற்றினேன். பொன்னாயியின் பழைய சேலையில் சுற்றினேன். மெடலை மடியில் முடிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நானுஓயாவில் இறங்கி பஸ் பிடித்தேன்.

பொய் சொல்லப் போகிறோம் என்று நினைத்துப் போகவில்லை. அதை எழுதிவிட வேண்டும். பேர் என்னுடையது, வருஷம் சரி, நான் தோட்டத்தில் இருந்ததும் உண்மை. அவ்வளவுதான் மனசில் இருந்தது. நீ எது என்று கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை. கேட்டதும் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் விரல் தானாக நான்காவது ஆளிடம் போய்விட்டது.

மாத்தயா படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். எனக்கு அப்போது மீசை இருந்தது. அவர் விரல் அந்தோணியின் கழுத்தில் நின்றது. அங்கே கயிற்றில் ஒரு சின்னத் துணி தெரியும். கிறிஸ்தவ வேதக்காரர்கள் போடுகிற உத்தரியம்.

இது என்ன என்று கேட்டார்கள்.

“தாயத்துங்க” என்றேன்.

நான்காவது ஆளைக் காட்டியது பழக்கம். இது பழக்கம் இல்லை. இது நான் யோசித்துச் சொன்னது.

என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். கைநாட்டு வேண்டாம், எனக்கு எழுதத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டேன். படத்தைக் கோப்போடு வைத்துக்கொண்டார்கள். முடிவு தபாலில் வரும், கவலை இல்லை என்று அந்த மொழி மாற்றிச் சொன்னவர் சொன்னார். திரும்பி வருகிற ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அந்தோணி வந்தான்

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து அந்தோணி நேரே என் காம்பராவுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சுவரைப் பார்த்தான். படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“படம் எங்கப்பா?”

ஏன் என்று கேட்டேன்.

அவனுக்கு விசாரணை வந்திருந்தது. எல்லா வருஷத்துக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. பேர் வெட்டியிருந்த அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. செக்ரோல் இல்லை, அரிசிப் புத்தகம் இல்லை. இந்தியாவுக்குப் போயிருந்தாயா என்று கேட்பார்கள். அந்த வருஷத்தில் அவன் முகம் இருக்கிற ஒரே பொருள் அந்தப் படம். மற்றவர்கள் வாங்கிய படங்கள் பூஞ்சணத்தில் போய்விட்டன. ஒரு நாளைக்குக் கொடு, காட்டிவிட்டுத் தருகிறேன் என்றான்.

பொன்னாயி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

நான் சொன்னேன். படம் கந்தோரில் இருக்கிறது. அதில் நிற்கிறது நான் என்று சொல்லிவிட்டேன். உத்தரியத்தைத் தாயத்து என்று சொல்லிவிட்டேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“பேரு ஒன்னுது காளி. அத நான் கேக்கல. மூஞ்சி என்னுது. அத மட்டும் குடு.”

சொல்லிவிட்டுப் போனான். வீட்டுப் பக்கம் போகாமல் களத்துப் பக்கம் இறங்கினான். களத்தில் அப்போது கீரைப் பாத்தி போட்டிருந்தார்கள்.

பொன்னாயி அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு ஒன்று கேட்டாள்.

“ஒங்க விண்ணப்பக் கடுதாசியிலதான நம்ம புள்ளைங்க மூணு பேரோட பேரும் இருக்கு?”

ஆமாம் என்றேன். அவள் திரும்ப அடுப்பை ஊதினாள்.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. மூன்று நாள் மலைக்குப் போனேன், வந்தேன். உண்மையைச் சொல்லக் கந்தோருக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். நான்காம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் டிஸ்பென்சரி வாசலில் நின்றேன். கால் ஏன் அங்கே போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

டிஸ்பென்சர் ஐயாவின் புத்தகம்

வெறுங்கையோடு போய் முகம் என்னுடையது இல்லை என்றால், அந்தோணியிடம் ஏதோ வாங்கிக்கொண்டு மாற்றிச் சொல்கிறான் என்பார்கள். அது எனக்குத் தெரியும். எழுத்து வேண்டும்.

டிஸ்பென்சர் ஐயா அலமாரியின் அடித்தட்டில் குனிந்து தேடினார். கறையான் தொடாமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். என் பேர், நாள், வலது கணுக்கால் முறிவு, நடக்கக்கூடாது, ஆறு கிழமை. கடைசி ஆட்டம் நடந்ததற்கு ஆறு நாள் முந்தைய தேதி.

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“இதைக் கொண்டு போனா அவனுக்கு நல்லது. உமக்கு இல்லை. விளங்குதோ?”

விளங்குகிறது என்றேன். முழுக்க விளங்கவில்லை.

புத்தகத்தை என்னிடம் தரவில்லை. அதில் இருந்ததைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். தேவையென்றால் புத்தகத்தோடு நானே வருகிறேன் என்றும் எழுதினார். அதை நான் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை

அந்தோணியின் விசாரணை நாளில் இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நானுஓயாவில் அவன் இரண்டு தேநீர் வாங்கினான். ஒன்றை என் கையில் கொடுத்தான்.

அதே மாத்தயா. படம் வெளியே வந்தது. நான் முன்னால் போய்ச் சொன்னேன். நான்காவது ஆள் நான் இல்லை. இவன். என் கால் ஒடிந்திருந்தது. இதோ கடுதாசி.

மாத்தயா கடுதாசியைப் படித்தார். படத்தைப் பார்த்தார். அந்தோணியைச் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். கழுத்தில் உத்தரியம் இருந்தது. புதுக் கயிறு, அதே மாதிரித் துணி. மாத்தயா நாற்காலியில் சாய்ந்தார். நிறைய நேரம் சிங்களத்தில் பேசினார். மாற்றிச் சொல்கிறவர் சுருக்கமாகச் சொன்னார்.

“அப்ப நீ அன்னைக்குச் சொன்னது பொய்?”

“ஆமாங்க.”

“சத்தியம் பண்ணிச் சொன்ன.”

“ஆமாங்க.”

“இந்தக் கடுதாசிப்படி நீ அந்த வருஷம் தோட்டத்தில இருந்திருக்க. இதையே அன்னைக்குக் கொண்டாந்திருந்தா உன் வேலை முடிஞ்சிருக்கும். ஏன் கொண்டாரல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்த நாட்டில் இருந்ததற்கு என் ஒடிந்த காலே சாட்சி. அதை விட்டுவிட்டு நான் இல்லாத படத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கால் ஒடிந்ததை யாராவது பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டுவார்களா. கப்பு அடித்ததைத்தானே காட்டுவார்கள். அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போல. அவரிடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. தெரியலைங்க என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் மாத்தயா ஒன்று கேட்டார். அது விசாரணைக்கு வேண்டிய கேள்வியா என்று தெரியாது. அந்தக் கோலை அடித்தது யார் என்றார்.

அந்தோணி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“தெரியாதுங்க” என்றான் அவன். நானும் அதையே சொன்னேன்.

மாத்தயா லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

இரண்டு தபால்

அந்தோணிக்கு ஏழெட்டு மாதத்தில் வந்தது. பிரஜாவுரிமைப் பத்திரம். கூடவே படத்தையும் அவன் பேருக்கே அனுப்பியிருந்தார்கள். அவன் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். வேண்டாம் என்றேன். அதனால் படம் அவன் வீட்டில் இருக்கிறது. கொழும்புக்காரர் அங்கே போய்ப் பார்க்கலாம். கீழே என் பேர் இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எனக்கு அதற்கும் பிறகு வந்தது. மஞ்சள் உறை. இங்கிலீஷ் எழுத்து. கிளாக்கர் படித்துச் சொன்னார். திருப்தியான அத்தாட்சி இல்லாதபடியால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. வேறொரு வரியும் இல்லை. பொய் சொன்னதற்காகவா, டிஸ்பென்சர் ஐயாவின் கடுதாசியை ஒப்புக்கொள்ளவில்லையா, செக்ரோல் இல்லாத அந்த இரண்டில் மற்ற வருஷத்துக்காகவா, ஒன்றும் போடவில்லை. எங்கள் லயத்தில் பொய் சொல்லாத பதினான்கு குடும்பத்துக்கும் அதே உறை, அதே வரி. உண்மை சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். அதுவும் தெரியவில்லை.

மேல்முறையீடு போடலாம் என்றார்கள். போட்டேன். பதில் வரவில்லை.

பொன்னாயி என்னைத் திட்டவில்லை. அந்தோணியோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். குழாயடியில் பார்த்தாலும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அந்தோணியின் மனைவி செத்தபோது போய் அழுதாள். அழுதுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள். ஒன்பது வருஷம் இப்படி.

ஒரு தேர்தல் நாள்

பிறகு ஒப்பந்தம் வந்தது. இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் எங்களைப் பிரித்துக்கொண்டன. யார் எந்தப் பக்கம் என்று எங்களுக்கே தெரியாது. எந்தப் படிவத்தை நிரப்புவது என்று தினமும் பெரட்டுக் களத்தில் பேச்சு. ஒரு நாள் இந்தியா என்பேன். மறுநாள் இல்லை என்பேன். என் மூத்தவள் கல்யாண வயதில் இருந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் தேர்தல். எங்கள் லயத்தில் யாருக்கும் ஓட்டு இல்லை. அன்றைக்கு மலையில் வேலை இல்லை. நான் வாசலில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தோணி வந்தான். வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய். கையில் ஓட்டு அட்டை. தோட்டத்தில் அந்த அட்டை இருந்த நாலைந்து பேரில் அவன் ஒருவன்.

வாசலில் நின்றான். உட்காரச் சொன்னேன். கல்லில் உட்கார்ந்தான்.

“ஓட்டுப் போடப் போறேன் காளி. யாருக்குப் போடணும்னு நீ சொல்லு.”

என்னை ஏன் கேட்கிறாய், உன் ஓட்டு என்றேன்.

“என்னோடதுதான். இருந்தாலும் நீ சொல்லாம நான் போட மாட்டேன். போன வாட்டியும் போடல. அதுக்கு முந்தியும் போடல.”

எனக்கு அது தெரியாது. அட்டை கிடைத்த நாளிலிருந்து ஒரு தேர்தலிலும் அவன் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் இங்கே கிளம்பி வந்து, பாதி வழியில் திரும்பியிருக்கிறான்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். யார் யார் நிற்கிறார்கள் என்று யோசித்தேன். பேர்கள் தெரியும். எவர் என்ன சொன்னார் என்று எல்லாம் கலங்கி இருந்தது. இவனுக்கு என்றால் ஒரு குறை, அவனுக்கு என்றால் ஒரு குறை. எனக்கு ஓட்டு இருந்தால் யாருக்குப் போட்டிருப்பேன் என்று அதுவரை ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தோணி அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி காத்திருந்தான்.

உள்ளேயிருந்து பொன்னாயி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

“அண்ணே, எவன் நம்ம புள்ளைங்களப் பிரிச்சு அனுப்ப மாட்டேன்னு சொன்னான்?”

அந்தோணி எழுந்து நின்றுவிட்டான். அப்படி யாரும் சொல்லவில்லை என்று மெதுவாகச் சொன்னான்.

“ஒருத்தனும் சொல்லலியா?”

“இல்ல தங்கச்சி.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். விரல் விட்டு ஒவ்வொரு ஆளாகக் கேட்டாள். அவன் யாரு, என்ன பேசினான், தோட்டத்துக்கு வந்தானா, லயத்துக்குள்ள காலடி வச்சானா, வாசல்லயே நின்னுட்டுப் போனானா. அந்தோணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். எனக்கு நடுவில் பேச இடமில்லை. வெயில் ஏறியது.

கடைசியில் ஒரு ஆளைச் சொன்னாள். அவனும் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, ஆனால் மழையில் வந்தவன் லயத்துக்குள் குனிந்து வந்து பிள்ளைகள் படுக்கிற இடத்தைப் பார்த்தான் என்றாள். அந்தோணி சரி என்றான்.

அவன் இறங்கி நடந்தான். குழாயடி தாண்டும்வரை பொன்னாயி எழவில்லை. பிறகு தூரத்தில் போகிறவனுக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“போட்டுட்டு நேரா இங்க வாங்கண்ணே. சோறு ஆக்கி வைக்கிறேன்.”